முளைக்காத பயறும் டிவி காமிராவும்

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் திருப்புட்குழிக்கு ஒரு டிவி குழு வந்தது. எந்தச் சேனல் என்பது இங்கே முக்கியமில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டிய ஊர் இது. புள் என்றால் பறவை. ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கிரியை செய்த இடம் என்பது ஐதீகம். விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

டிவிக்காரர்கள் வந்தது தாயாருக்காக. இங்கே மரகதவல்லித் தாயாரை ‘வறுத்த பயறு முளைக்க வைக்கும் தாயார்’ என்றே சொல்வார்கள். குழந்தை வரம் வேண்டி வரும் பெண்கள் வறுத்த பச்சைப்பயறை நனைத்து, இரவு மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் முளை விட்டிருந்தால் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை.

என் அத்தையிடம் மைக்கை நீட்டினார்கள். அத்தை பளிச்சென்று சொன்னார்: “எனக்கு மொளைக்கல தம்பி. ஆனா அடுத்த வருஷமே பொண்ணு பொறந்தா.”

அந்தத் தம்பி சிரித்துவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது அத்தை அதில் இல்லை. முளைத்தவர்கள் மட்டும் இருந்தார்கள், பின்னால் உடுக்கைச் சத்தம். கடைசியில் வழக்கமான கேள்வி: இது நம்பிக்கையா, அறிவியலுக்கு எட்டாத அதிசயமா?

இந்த வகை நிகழ்ச்சிகளை நான் சின்ன வயசிலிருந்தே விரும்பிப் பார்ப்பவன். விஜய் டிவியின் ‘நடந்தது என்ன? குற்றமும் பின்னணியும்’, ஜீ தமிழின் ‘நம்பினால் நம்புங்கள்’ எதையும் விட்டதில்லை. இவற்றுக்கு ஆதரவாக ஒரு வாதம் சொல்வார்கள்: “அறிவியலுக்கு எல்லாம் தெரியுமா? மனசைத் திறந்து வைக்க வேண்டாமா?” நியாயமான கேள்விதான். ஆனால் மனசு திறந்திருந்தால் அத்தையின் பதிலை ஏன் வெட்ட வேண்டும்?

நான் சாஃப்ட்வேர்காரன். ஒரு புரோகிராம் ஒழுங்காக ஓடிய நாட்களை மட்டும் லாகில் எழுதி, ஓடாத நாட்களை அழித்துவிட்டால் அந்த லாகை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பயறு விஷயத்தில் நான்கு வகைப் பெண்கள் இருப்பார்கள்: முளைத்துப் பிறந்தது, முளைத்தும் பிறக்காதது, முளைக்காமல் பிறந்தது, இரண்டும் இல்லாதது. டிவி காட்டியது முதல் வகையை மட்டும். இதில் அமானுஷ்யமும் தெரியாது, அறிவியலும் தெரியாது.

சோதித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை. 1995 செப்டம்பர் 21 அன்று நாடு முழுக்கப் பிள்ளையார் பால் குடித்தார். அரசு விஞ்ஞானிகள் பாலில் வண்ணம் கலந்து ஊட்டிக் காட்டினார்கள். பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து இழுக்கப்பட்ட பால் சிலையின் மேலேயே வழிந்து இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு ஒரு கரண்டி வண்ணப் பால் போதுமாக இருந்தது.

நானும் வீட்டில் மூன்று கிண்ணம் வைத்துப் பார்த்தேன். வறுக்காத பயறு ஒன்று, கை பொறுக்கும் சூட்டுக்கு வறுத்தது ஒன்று, வாசனை வந்து நிறம் மாறும்வரை வறுத்தது ஒன்று. முதல் கிண்ணம் நன்றாக முளைத்தது. இரண்டாவதில் சில முளைத்தன. மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை. காய்ந்த விதை ஓரளவு சூட்டைத் தாங்கும், உள்ளே கரு செத்துவிட்டால் முளைக்காது. அதனால் ‘வறுத்த’ என்றால் எவ்வளவு வறுத்தது என்பதுதான் முதல் கேள்வி. நிகழ்ச்சியில் அதை யாரும் கேட்கவில்லை. என் மூன்று கிண்ணங்கள் கோயிலில் நடப்பதற்குத் தீர்ப்பு ஆகாது. ஆனால் அடுத்த கேள்வி எதுவென்று காட்டின.

கேபிள் டிவி விதிகள் (1994) மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகளைத் தடை செய்கின்றன. சேனல்கள் அதற்குக் கண்டுபிடித்த வழிதான் கடைசியில் வரும் கேள்விக்குறி என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்வதையெல்லாம் சொல்லிவிட்டு, பொறுப்பை நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். ‘நம்பினால் நம்புங்கள்’ என்ற தலைப்பே அதைத்தான் சொல்கிறது.

இதற்கு நேர்மாறாக நான் நினைப்பது ‘மர்மதேசம்’. 90-களின் பிற்பகுதி, இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. ‘விடாது கருப்பு’ ஓடிய நாட்களில் எங்கள் தெருவில் பையன்கள் இருட்டில் வெளியே போக மாட்டோம். அது முழுக்கக் கற்பனை. ஆனாலும் அதில் வெள்ளைக் குதிரையில் வரும் கருப்பசாமியை நம்பும் கிராமமும் இருந்தது, பிளவுபட்ட ஆளுமை என்று விளக்கும் மனநல மருத்துவமும் இருந்தது. ஒன்று சொன்னதற்காக இன்னொன்றின் வாயை அடைக்கவில்லை. சந்தேகப்படுகிறவர் கேட்ட கேள்விகளுக்குக் கதை பதில் சொல்லிக்கொண்டே போனது. ‘கற்பனை’ என்று சொன்ன தொடர் ஆராய்ந்தது, ‘நிஜம்’ என்று சொல்லும் நிகழ்ச்சிகள் ஆராய்வதில்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானே என்று விடலாம்தான். ஆனால் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து யாரோ ஒரு பெண் கிளம்பி வருவாள். காலையில் மடியை அவிழ்த்துப் பார்த்து, முளைக்கவில்லை என்றால் என்ன நினைப்பாள்? அவளுக்கு வேண்டியது அத்தையின் அந்த ஒரு வரிதான். அதைத்தான் வெட்டிவிட்டார்கள்.

அத்தையிடம் என் மூன்று கிண்ணக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சரிடா, அன்னிக்கு எனக்கு எவ்ளோ வறுத்தாங்கன்னு யாரு பாத்தா?” என்றார். பிறகு, “மொளைக்கலன்னு காலைல உக்காந்து அழுதேன். பக்கத்துல படுத்திருந்த அம்மா, ‘எனக்கும்தான் மொளைக்கல, ரெண்டு புள்ள இருக்கு’ன்னாங்க. அதக் கேட்டப்புறம்தான் மனசு ஆறுச்சு” என்றார்.

அத்தை இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தாயாரைச் சேவிக்கப் போகிறார். அமானுஷ்ய நிகழ்ச்சி ஓடினால் சேனலை மாற்றிவிடுகிறார்.