சாலையைப் பாடியவரும் சாலையோரத்தாரும்

உரோமைப் பேரரசின் சாலைகளைப் புகழாத வரலாற்று நூல் அரிது. அப்புகழ்ச்சியை இலக்கியமாக்கிய கவிஞர்களுள் ஒருவர் ஸ்தாசியுஸ். கி.பி. 95-இல் பேரரசர் தொமிசியன், சினுவேசா நகரிலிருந்து, திருத்தூதர் பவுல் முன்னர்க் கரையிறங்கிய புத்தேயோலி வரை ஒரு சாலை அமைத்தார். 'சில்வே' என்னும் தொகுப்பின் நான்காம் நூலில் அச்சாலையைக் கவிஞர் பாடுகிறார்.

அவரது கூரிய நோக்கை நாம் மறுப்பதற்கில்லை. பள்ளம் தோண்டுதல், அதனை வேறு பொருளால் நிரப்புதல், இருபுறமும் ஓரக்கல் பதித்து இறுக்குதல் என வேலையின் படிகள் ஒழுங்குற வருகின்றன. காடு வெட்டுவோர், கல் செதுக்குவோர், நீர் வடிப்போர் ஆகியோரின் ஆரவாரம் நம் செவியில் விழுகிறது. ஒரு நாள் முழுதும் கொண்ட பயணம் இப்போது இரண்டு மணி நேரத்தில் முடிகிறதாம். வொல்தூர்னுஸ் ஆறே எழுந்து, தன்மீது பாலம் அமைத்துத் தன்னைக் கரைக்குள் அடக்கிய மன்னருக்கு நன்றி நவில்கிறது.

ஆறு பேசுகிறது, குறி சொல்லும் சிபில்லாவும் பேசுகிறாள். சாலையோரத்து உழவர் மட்டும் வாய் திறப்பதில்லை. கவிதையின் பெருங்குறை இதுவே என்போம்.

அந்த உழவர்கள் பேசினால் என்ன சொல்வார்கள்? விடை ஒரு கல்வெட்டில் உள்ளது. கி.பி. 238-இல், இன்றைய பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்காப்தோபரா என்னும் சிற்றூரார் பேரரசர் மூன்றாம் கோர்தியானுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். அவ்வூரில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அருகே சந்தை கூடும். இரு படைமுகாம்களுக்கு இடையே ஊர் அமைந்திருந்தது. படைவீரர் தம் வழியை விட்டு விலகி ஊருக்குள் வந்து, விலை கொடாமல் உணவும் உறைவிடமும் கேட்டனர். குடிகள் குறைந்தன. இந்நிலை தொடர்ந்தால் முன்னோர் வாழ்ந்த வீடுகளை விட்டே போய்விடுவோம் என்று ஊரார் முறையிட்டனர். ஆளுநரிடம் செல்லுங்கள் என்பதே மன்னரின் சுருக்கமான மறுமொழி.

ஒரு மைல் வரும்படி கட்டாயப்படுத்துவோரைப் பற்றி ஆண்டவர் மலைப்பொழிவில் கூறியது (மத் 5:41) இத்தகைய சுமையை அறிந்த மக்களிடமே. அங்குக் குறிக்கப்படும் மைல் உரோமையரின் சாலையளவு.

கவிதை பாடிய மறு ஆண்டே, கி.பி. 96-இல், தொமிசியன் கொலையுண்டார். அவரது பெயரையும் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி நீக்கினர். சிற்றூராரின் முறையீடோ நம் கைக்கு வந்துள்ளது. அரசவைக் கவிதையை நயந்து படிக்கும் நாம், அதனருகே அம்முறையீட்டையும் வைத்துப் படிப்போமாக. சாலை யாரை எங்கே கொண்டு சேர்த்தது, யாரை வீட்டைவிட்டு விரட்டியது என்பது அப்போதுதான் விளங்கும்.