மூக்கும் எழுத்தும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கின்றது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் ஆகிய ஐந்திற்கும் மேலாக மனத்தை அது ஆறாம் அறிவாக வைக்கின்றது. புலன் தருவதை மனம் ஆராய வேண்டும் என நாம் இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இன்றைய உடலியலும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றது. புலன்கள் பெரிதும் மாற்றத்தையே உணர்த்துகின்றன. ஒரே நாற்றம் நீடிக்குமாயின், சில நிமிடங்களிலேயே மூக்கு அதனை அறிவிப்பதைக் குறைத்து விடுகின்றது. நாற்றமோ அங்கேதான் இருக்கின்றது.

கொழும்பைப் பற்றிய நம் எழுத்துக்களை இவ்வுண்மை கொண்டு அளந்து பார்ப்போம். வெள்ளவத்தைக் கடலின் அந்திச் செவ்வானத்தைத் தீட்ட எழுத்தாளரின் கண் ஓயாது உழைக்கின்றது. கொட்டாஞ்சேனையின் புளூமெண்டல் வீதியருகே மலையாய் எழுந்த குப்பையை முகர்ந்த மூக்கு எத்தனை? 2009இல் அக்குப்பைமேடு மூடப்பட்டது. மாநகரின் கழிவு மீதொட்டமுல்லைக்குச் சென்றது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, அங்கு குவிந்த மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

“அங்குள்ளோருக்கு அது பழகிவிட்டது” என்பர் தூர இருப்போர். பழகியது நரம்பு மட்டுமே. அம்மக்கள் சரிவு நேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எதிர்ப்புக் குரல் எழுப்பி வந்தனர். மூக்கு ஓய்ந்த பின்பும் அவர்தம் ஆறாம் அறிவு ஓயவில்லை. மரத்துப்போனது அக்குரலைக் கேளாத நகரத்தின் மனமே. அதனைத் தட்டி எழுப்பாத எழுத்து, எத்துணை அழகுடையதாயினும், ஐயறிவின் எல்லையிலேயே நின்றுவிடுகின்றது.