ஐந்தாவது அச்சம்: 'எ மான்ஸ்டர் கால்ஸ்' புதினம் – ஒரு மெய்ப்பாட்டு நோக்கு

முன்னுரை

அச்சம் தோன்றுதற்குரிய நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. ஒருவன் தன் நெஞ்சில் எழுந்த எண்ணத்தையே அஞ்சுவானாயின், அவ்வச்சத்தை எங்கு வைப்பது? இளையோர்க்கான மிகைபுனைவுப் புதினம் ஒன்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் கதையும்

பேட்ரிக் நெஸ் எழுத, ஜிம் கே ஓவியம் தீட்ட, 'எ மான்ஸ்டர் கால்ஸ்' 2011இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இதன் கருவையும் மாந்தரையும் தொடக்கத்தையும் அமைத்தவர் ஷிவோன் டௌட். அவர் 2007இல் மார்பகப் புற்றுநோயால் மறையவே, அவர் விட்டுச்சென்ற கருவிலிருந்து நெஸ் புதினத்தை உருவாக்கினார். 2012இல் எழுத்துக்குரிய கார்னகி பதக்கம், ஓவியத்துக்குரிய கேட் கிரீனவே பதக்கம் ஆகிய இரண்டையும் இந்நூல் பெற்றது. ஒரே நூல் இரண்டினையும் பெற்றது அதுவே முதன்முறையாகும்.

கானர் பதின்மூன்று வயதுச் சிறுவன். தாய் புற்றுநோயால் நலிந்து வருகிறாள். தந்தை வேறொரு குடும்பத்துடன் அமெரிக்காவில் வாழ்கிறார். ஓர் இரவு 12.07 மணிக்கு, வீட்டின் பின்னுள்ள கல்லறைத் தோட்டத்து யூ மரம் பேருருக்கொண்டு வந்து அவனை அழைக்கிறது. தான் மூன்று கதைகளைச் சொல்வதாகவும், நான்காவது கதையை அவனே சொல்லவேண்டும் என்றும், அது அவன் மறைத்துவைத்துள்ள உண்மையாக இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது.

புறத்து அச்சங்கள்

தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்களுள் விலங்கு நீங்கலாக ஏனைய மூன்றையும் இப்புதினத்தில் பொருத்திக் காணலாம். மரத்தில் அணங்கு உறையும் என்னும் நம்பிக்கை சங்க நூல்களில் பயின்று வருவது. யூ மரத்துப் பேருருவை அணங்காகக் கொள்ளத் தடையில்லை. கானரை வழிமறித்து அடிக்கும் பள்ளி மாணவர் மூவரைக் கள்வர் நிலையில் வைக்கலாம். கண்டிப்பு மிக்க பாட்டி 'தம் இறை' ஆகிறாள். ஆயின் கானர் இம்மூன்றில் எதற்கும் உண்மையாக அஞ்சுவதில்லை. இதனினும் கொடியதைத் தான் கண்டுள்ளதாகப் பேருருவிடமே கூறுகிறான். அடிக்க வரும் மாணவர்களை விட்டு ஓடாமல், அடியை எதிர்பார்ப்பவன்போல் நிற்கிறான். பேருரு இரண்டாம் கதையைச் சொல்லும்போது பாட்டியின் வரவேற்பறையைச் சிதைத்துவிட்டுத் தண்டனைக்காகக் காத்திருக்கிறான். தண்டனை வரவில்லை. அவன்மீது இரக்கம் கொண்ட பெரியோர் எவரும் அவனைத் தண்டிக்க முன்வரவில்லை. அந்த இரக்கமே அவனுக்குப் பெருந்துன்பமாகிறது. குற்றம் செய்துவிட்டதாக உள்ளூர நம்புவோன் தண்டனையை நாடுவான் என்னும் உளவியல் உண்மை, விளக்கவுரை ஏதுமின்றி நிகழ்ச்சிகள் வழியே இங்குப் புலப்படுவது குறிப்பிடத்தக்கது.

அகத்து அச்சம்

கானரின் தீக்கனவில், மலைவிளிம்பில் தொங்கும் தாயின் கையை அவன் பற்றியிருக்கிறான். பின்னர்க் கை நழுவுகிறது. அது நழுவியதன்று, தானே விட்டது என்பதே அவன் மறைத்த உண்மை. காத்திருப்பின் வேதனை தாளாமல், எல்லாம் முடிந்துவிடாதா என அவன் நெஞ்சம் ஒருகணம் விரும்பியது. தாய் பிழைக்கவேண்டும் என்று விரும்பியதும் அதே நெஞ்சம்தான். இம்முரணே அவனது ஐந்தாவது அச்சம். நால்வகை நிலைக்களன்களுள் இதற்கு இடமில்லை எனினும், எண்வகை மெய்ப்பாட்டின் வேறாகத் தொல்காப்பியர் எண்ணும் முப்பத்திரண்டனுள் கனவு, நினைதல், வெரூஉதல், ஐயம், நடுக்கம் ஆகியன உள்ளன. இவ்வைந்தையும் ஒருசேர வைத்தால் கானரின் நிலை கிடைக்கிறது. இன்று பதற்றம் என நாம் வழங்கும் உணர்வைப் பேசுதற்கு மெய்ப்பாட்டியலில் சொற்கள் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

கதைகளின் பணி

பேருரு சொல்லும் கதைகள் கேட்போர் எதிர்பார்க்கும் நீதியை மறுப்பவை. முதற்கதையில் மக்கள் போற்றும் இளவரசனே கொலைகாரன். சூனியக்காரி எனப் பழிக்கப்பட்ட அரசி அக்கொலையைச் செய்யாதவள். மனிதர் நல்லவர், தீயவர் எனப் பகுக்கப்படாதவர் என்பதைக் கானர் முதலில் பிறர் கதையில் கேட்கிறான். பின்னரே தன் கதையில் ஏற்கிறான். எண்ணம் வேறு, செயல் வேறு. முரண்பட்ட எண்ணங்கள் எழுவது மனித இயல்பு. ஒருவனை அளப்பது அவன் செயலே என்பது பேருரு தரும் தேற்றம். உண்மையைச் சொன்ன பின்னரே, தாயைப் பிரிய விரும்பவில்லை என்று அவளிடம் கூற அவனுக்கு வாய் திறக்கிறது.

குறைகள் சிலவும் உண்டு. மூன்றாம் கதை பெயரளவிலேயே நின்று, கானரின் கைகலப்பில் கரைந்துவிடுகிறது. இறுதியில் பேருரு உட்பொருளை நேரே எடுத்துரைப்பது, அதுவரை வாசகனிடம் வைத்திருந்த நம்பிக்கையைத் தளர்த்துகிறது. தண்டனைக்காகக் காத்திருக்கும் சிறுவனின் மௌனம் உணர்த்தியதை இவ்வுரை விஞ்சவில்லை.

முடிவுரை

இளையோர் இலக்கியத்தை அது புகட்டும் நீதியால் மதிப்பிடுவது நம்மிடையே நிலைபெற்ற வழக்கம். அவ்வழக்கின்படி கானரின் எண்ணம் கண்டிக்கத்தக்கது. அல்லது சொல்லாமல் விடத்தக்கது. நோயுற்றோர் உள்ள இல்லங்களில் பிள்ளைகள் துணிவோடு இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். அவர்தம் நெஞ்சில் எழுவதை எவரும் வினவுவதில்லை. அவ்வினாவை எழுப்பவும் விடையைத் தாங்கவும் வல்ல ஒருவர் தேவைப்பட்டமையாலேயே இப்புதினம் ஓர் அணங்கைப் படைத்தது எனலாம். அச்சுறுத்தும் அணங்கு இங்கு அச்சத்தைக் கேட்கும் அணங்காகிறது. மிகைபுனைவு வாழ்விலிருந்து தப்பியோடும் வழி என்னும் கருத்து மறுபரிசீலனைக்குரியது என்பதற்கு இந்நூல் தக்க சான்றாகும்.