மாங்காவுக்கு ஒரு பீரியடு

சேந்தமங்கலத்தில் மாங்கா என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, பள்ளிக்கூட வாசலில் விற்பது. இன்னொன்று, அதைத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போகிற பையன் டி.வி.யிலும் செல்போனிலும் பார்க்கிறானே, டோரேமான், ஷின்சான், அவர்களுடைய பூர்வீகம். இந்த ஆசாமிகள் எல்லாம் ஜப்பானில் முதலில் காகிதத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் பிறந்தவர்கள். அந்தப் படக்கதைக்கு ஜப்பான்காரர் குறிலாக 'மங்கா' என்பார். நம்மவர்கள் நெடிலாக்கி மாங்கா ஆக்கிவிட்டோம். நமக்கு வசதி.

இதைப் பள்ளிக்கூடத்து வாசிப்பு வகுப்பில் வைக்கலாமா? எந்த ஊர் ஆசிரியர் அறையில் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும்.

"ஏன் சார், பாடப் புத்தகத்தையே ஒழுங்கா வாசிக்க வரலை. இதுல பொம்மைப் புத்தகம் வேறயா?" என்பார் சீனியர்.

"எதையுமே படிக்க மாட்டேங்கிறான். இதையாவது படிக்கட்டுமே சார்" என்பார் இளையவர்.

முதலாமவர் எதிர்ப்பது போலவும் இரண்டாமவர் ஆதரிப்பது போலவும் தெரியும். உண்மையில் இரண்டு பேரும் ஒரே கட்சி. படக்கதை என்றால் சுலபம், படித்துத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை என்பது இருவரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தப்பு என்பது என் கட்சி.

இந்தக் கேள்வியை நாமக்கல் மாவட்டத்தில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடியாக இந்த மாவட்டம் பெயர் வாங்கியது பிளஸ் டூ மார்க்கில். மாநில ரேங்க் பட்டியலில் இந்தப் பக்கத்துப் பள்ளிகள் வரிசைகட்டி நின்ற வருஷங்களில் பத்திரிகைகள் அவற்றுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தன. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள் என்பது அப்போது எழுந்த புகார். 2017-ல் ரேங்க் அறிவிப்பதையே அரசு நிறுத்திவிட்டது. ரேங்க் போனது. வாசிப்பது என்றால் மனப்பாடம் செய்வது என்ற பழக்கம் அவ்வளவு லேசில் போவதில்லை.

அதே மாவட்டத்தின் மறுமுனையைப் பாருங்கள். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மலையிலும் அடிவாரத்திலும் இருக்கிற பல குழந்தைகளுக்கு, பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு கதைப் புத்தகம் கையில் கிடைப்பதே அபூர்வம். இது ஒரு மலையின் கதை மட்டும் இல்லை. கிராமப்புறங்களில் எடுக்கப்படும் அசர் ஆய்வு 2022-ல் சொன்ன கணக்கு இது: நாடு முழுக்க ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்களில் 42.8 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. அதாவது, பாதிக்கு மேல் முடியவில்லை.

ஒரு பக்கம் புரியாமலே ஒப்பிக்கிறவன். இன்னொரு பக்கம் எழுத்துக் கூட்டவே திணறுகிறவன். இருவருக்கும் பொதுவான குறை ஒன்றுதான். பக்கத்தில் இருப்பதிலிருந்து பக்கத்தில் இல்லாததைத் தானாக எட்டிப் பிடிக்கிற வித்தையை யாரும் இவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. வாசிப்பு என்பது அந்த வித்தைதானே?

தமிழனுக்குப் படக்கதை புதுசு கிடையாது. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984-ல் லயன், ராணி காமிக்ஸ். ஒரு தலைமுறையே கணக்குப் புத்தகத்துக்குள் மாயாவியை ஒளித்துவைத்துப் படித்து, பிடிபட்டு, காது திருகப்பட்டது. அவர்களில் நிறைய பேர் பிற்பாடு கனமான புத்தகங்களுக்கும் போனார்கள். இதைக் காட்டித்தான் இளைய ஆசிரியர் வாதாடுவார்: காமிக்ஸ் ஒரு ஏணி, ஏறி மேலே போய்விடுவான்.

எனக்கு இந்த ஏணி வாதத்தில் திருப்தி இல்லை. ஏணிதான் வேண்டுமென்றால் எதற்கு ஜப்பான் வரை போக வேண்டும்? மாயாவி போதும். அம்புலிமாமா போதும். அரசுப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று அழகாகப் படி பிரித்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த மாதிரிப் புத்தகங்களில் படத்தின் வேலை பெரும்பாலும் வரிக்குத் துணை போவது. நரி என்று எழுதியிருந்தால் பக்கத்தில் நரி நிற்கும். மாங்காவில் சங்கதி வேறு. அங்கே படம் வரியைத் திருப்பிச் சொல்வதில்லை. வரி சொல்லாமல் விட்டதைச் சொல்கிறது.

ஒரு கட்டத்தில் கதவைத் தட்டும் கை. அடுத்த கட்டத்தில் பாதி குடித்த டீ. அதற்கடுத்த கட்டத்தில் காலி நாற்காலி. வசனம் கிடையாது. வந்தது யார், போனது யார், டீயை ஏன் பாதியில் விட்டார்? கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளைச் சந்தில் கதை ஒளிந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுக்க வேண்டியவன் வாசகன். ஸ்காட் மெக்ளவுட் என்ற அமெரிக்க ஓவியர் 1993-ல் காமிக்ஸைப் பற்றி காமிக்ஸாகவே ஒரு புத்தகம் போட்டார். செயலை நகர்த்தாமல், ஒரே இடத்தின் வெவ்வேறு மூலைகளைக் கட்டம் கட்டமாகக் காட்டி மனநிலையைச் சொல்வது ஜப்பானியரிடம் அதிகம் என்று அதில் எண்ணிக் காட்டியிருக்கிறார். சுலபமான சமாசாரம் இல்லை இது.

இன்னொன்று, நம் தமிழ் வாத்தியார்கள் குஷியாக வேண்டியது: சத்தம். ஜப்பானிய மொழியில் இதயம் அடித்துக்கொண்டால் 'டோகி டோகி'. பளபளத்தால் 'பிகா பிகா'. மாங்காவில் இவை எழுத்தாக மட்டும் இல்லாமல் படமாகவே கட்டத்துக்குள் வளைந்து நெளிந்து நிற்கும். இது நமக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? படபட, பளபள, சலசல, நறநற. சாட்சாத் நம் இரட்டைக்கிளவி! பிரித்தால் பொருள் தராது என்று இலக்கண வகுப்பில் உருப்போட்டு, பரீட்சையில் கக்கிவிட்டு மறந்துபோகிறோமே, அதேதான். ஒரு மாங்கா பக்கத்தில் சத்தங்களை அழித்துவிட்டு, "இந்த இடத்துக்குத் தமிழில் என்ன சத்தம் போடலாம்?" என்று கேளுங்கள். வகுப்பே எழுந்து நிற்கும். ஜப்பானியர்கள் நிசப்தத்துக்குக்கூட 'ஷீ...ன்' என்று ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். நமக்கு அதற்கு என்ன சொல்? பிள்ளைகளிடம் விடுங்கள், கண்டுபிடிப்பார்கள்.

சரி, மாங்காவின் தாய்நாட்டில் பள்ளிக்கூடம் இதை எப்படி நடத்துகிறது? 1998-ல் வந்த பாடத்திட்டத்திலேயே நடுநிலைப் பள்ளி ஓவிய வகுப்பில் மாங்காவுக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் உள்ளடக்கம் என்று வந்தால் அங்கேயும் கை நடுங்குகிறது.

கெய்ஜி நகஸாவாவின் 'வெறுங்கால் கென்' 1973-ல் தொடராக வரத் தொடங்கியது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நகஸாவாவுக்கு வயது 6. பள்ளிக்கூடச் சுவர் மறைத்ததால் பிழைத்தார். அப்பா, அக்கா, தம்பி மூவரும் போனார்கள். அந்தக் கதையைத்தான் கென் என்ற சிறுவனை வைத்து வரைந்தார். மிதிக்க மிதிக்க நிமிர்ந்து வளருகிற கோதுமைப் பயிரைக் காட்டி, நீயும் அப்படி இரு என்று கென்னின் அப்பா சொல்வார். அந்த அப்பா இடிந்த வீட்டின் அடியில் மாட்டிக்கொள்கிறார், தீ நெருங்குகிறது, மகன் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. கண்ணீரை வரவழைக்க எந்தத் தந்திரமும் இல்லாமல், முரட்டுக் கோடுகளில் வரைந்திருக்கிறார்.

2012 டிசம்பரில், நகஸாவா இறந்த அதே மாதம், மட்சுவே நகரக் கல்வித்துறை இந்தப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொன்னது. வன்முறைக் காட்சிகள் இருக்கிறதாம். எதிர்ப்பு கிளம்பி 2013 ஆகஸ்டில் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். பிறகு 2023-ல், வேறு எந்த ஊரும் இல்லை, ஹிரோஷிமா நகரமே மூன்றாம் வகுப்பு சமாதானப் பாடத்திலிருந்து கென்னை நீக்கியது. சொன்ன காரணங்களைக் கேளுங்கள். ஒரு காட்சியில் கென் காசுக்காகத் தெருவில் 'ரோக்யோகு' என்ற பழைய கதைப்பாட்டைப் பாடுகிறான். இந்தக் காலப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. இன்னொரு காட்சியில் கர்ப்பிணித் தாய்க்குக் கொடுக்க, பணக்கார வீட்டுக் குளத்தில் மீன் திருடுகிறான். அது பிள்ளைகளுக்குத் தவறாகப் புரிந்துவிடும்.

இந்த இரண்டு காட்சியையும் சேந்தமங்கலத்தில் ஒரு எட்டாம் வகுப்பில் காட்டினால் என்ன ஆகும்? உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடும் கொங்கு நாட்டில், வாத்தியம் வைத்துக்கொண்டு கதை பாடுகிறவனை விளக்க ஒரு வரி போதும். பசித்த அம்மாவுக்காக மீன் திருடியவன் நல்லவனா கெட்டவனா என்பதற்கோ பீரியடு போதாது. ஒருத்தன் சரி என்பான், ஒருத்தி தப்பு என்பாள், மூன்றாவது ஆள் "குளத்துக்காரன் ஏன் கொடுக்கலை?" என்பான். அந்தச் சண்டைதான் சார் வாசிப்பு வகுப்பு. எது தவறாகப் புரியும் என்று ஹிரோஷிமா பயந்ததோ, அதைப் பேசித் தெளியத்தானே வகுப்பறை?

நம் ஊரிலும் இந்தப் பயத்துக்கு உதாரணம் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு அரசியல் புத்தகத்தில், 1949-ல் சங்கர் வரைந்த கார்ட்டூன் இருந்தது. அரசியல் சட்டம் என்கிற நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் மக்களவையில் பிரச்னையைக் கிளப்பினார். அதே வருஷம், இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர்களைக் கேலி செய்யும் ஆர்.கே. லட்சுமணின் கார்ட்டூனுக்காக கருணாநிதி கண்டனம் தெரிவித்தார். இரண்டு கோபத்திலும் நியாயம் இருந்தது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு தலித் மாணவனுக்கு அந்தச் சாட்டை வேறு மாதிரிதான் தெரியும். ஆனால், ஒரே படம் ஒருவருக்கு ஹாஸ்யமாகவும் இன்னொருவருக்கு அடியாகவும் ஏன் தெரிகிறது என்பதை விடப் பெரிய பாடம் என்ன இருக்க முடியும்? அந்தப் பாடத்தை நடத்த நம் ஆசிரியர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. படத்துக்கு எதற்குப் பயிற்சி, பார்த்தாலே புரியுமே என்று இருந்துவிட்டோம். பிரச்னை வந்ததும் நீக்கிவிட்டோம்.

பயிற்சியை எங்கிருந்து தொடங்கலாம்? கொல்லிமலையிலிருந்தே. வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துப் போனதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஆடி மாதம் மலையில் ஓரிக்கு விழா எடுக்கிறோம். இதை ஐந்தே கட்டத்தில் வரையச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை ஐந்து மிருகத்தையும் வரையும். ஒன்று அம்பை மட்டும் வரையும். ஒன்று கடைசிக் கட்டத்தில் உடும்பின் கண்ணை மட்டும் வரைந்து வைக்கும். மூன்றும் மூன்று கதை. நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் கதை சொல்வது என்று எந்த விளக்கவுரையும் இல்லாமல் புரிந்துவிடும். அதன் பிறகு கென்னைக் கையில் கொடுங்கள்.

எதிர்த் தரப்பிலும் விஷயம் உண்டு, மறைக்க வேண்டாம். ஆங்கில மாங்கா ஒரு தொகுதி நானூறு, ஐந்நூறு ரூபாய். 'ஒன் பீஸ்' மாதிரித் தொடர்கள் நூறு தொகுதியைத் தாண்டி ஓடுகின்றன. எந்தப் பள்ளி நூலகம் தாங்கும்? வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டவே தடுமாறுகிற குழந்தைக்கு இது கூடுதல் குழப்பம். ரத்தமும் அரைகுறை ஆடையும் நிறைந்த ரகங்கள் ஏராளம். அவற்றுக்கு வகுப்பில் இடமில்லை. ஆகவே கீழ் வகுப்புக்கு மாங்கா வேண்டாம். அங்கே வாசிப்பு இயக்கமே தொடரட்டும். எட்டு, ஒன்பதாம் வகுப்பில், கென் மாதிரி ஒன்றிலிருந்து இருபது பக்கம், தமிழில், முறையாக உரிமை வாங்கிப் போட்டால் போதும்.

எங்கே போடுவது? அந்தக் காலத்தில் 'நான்-டீடெயில்' என்று ஒன்று இருந்தது. பாடம் மாதிரியும் இருக்கும், கதை மாதிரியும் இருக்கும். இன்றைய தமிழ்ப் புத்தகத்தில் 'விரிவானம்' என்று ஒவ்வொரு இயலிலும் அதற்கு ஒரு பகுதி இருக்கிறது. பேஷாக அங்கே வைக்கலாம்.

ஒரே நிபந்தனை. பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வரக்கூடாது. வந்தால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'கென் ஏன் மீன் திருடினான்? ஐந்து வரிகளில் விடை தருக' என்று நோட்ஸ் அச்சாகிவிடும். அந்த ஐந்து வரியையும் மனப்பாடம் செய்து அஞ்சுக்கு அஞ்சு வாங்குவான், புத்தகத்தைத் திறக்காமலே.