மனசுக்குள் பத்து எண்ணுங்கள்

இப்படி ஒரு பயிற்சியை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. பார்ப்பவரிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை!

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘கோட் இன் பிளேஸ்’ வகுப்பில் 2021இல் செக்‌ஷன் லீடராகச் சேர்ந்தேன். பைத்தானில் நிரல் எழுத, உலகத்தில் யார் வந்தாலும் காசு வாங்காமல் சொல்லித்தரும் வகுப்பு அது. கொரோனாவில் ஊரே முடங்கிய 2020இல் கிறிஸ் பீச், மெஹ்ரான் சஹாமி என்ற இரண்டு பேராசிரியர்கள் தொடங்கினார்கள். முதல் ஆண்டிலேயே சுமார் 10,000 மாணவர்கள், 900 தன்னார்வலர்கள். விரிவுரை எல்லோருக்கும் பொது. ஆனால் பத்துப் பேருக்கு ஒரு செக்‌ஷன் லீடர் என்று வாரந்தோறும் ஒரு சந்திப்பு உண்டு. வகுப்பின் உயிரே அங்கேதான்.

விண்ணப்பிக்கும்போதே சின்னதாக ஒரு பாடம் நடத்தி வீடியோ அனுப்பச் சொல்வார்கள். அப்புறம் பயிற்சி. பைத்தானைப் பற்றி ஏதாவது புதிதாகச் சொல்வார்கள் என்று போய் உட்கார்ந்தால், பேச்சு முழுக்க மனிதர்களைப் பற்றி! மாணவர் திணறினால் அவருடைய நிரலை நீங்கள் திருத்தாதீர்கள். அவரையே வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மனசுக்குள் பத்து எண்ணுங்கள்.

இந்தப் பத்து எண்ணுவதில்தான் நான் விழுந்தேன். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்திருக்கிறார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளுமாம், பேசாதவர்களும் பேசுவார்களாம். இணைய வகுப்பில் மைக்கைத் தட்டித் திறக்கவே இரண்டு நொடி போய்விடும். அப்படியானால் பத்து எவ்வளவு நியாயம்!

முதல் சந்திப்பு. பாடம், கேரல். 1981இல் ரிச்சர்ட் பாட்டிஸ் தன் பாடநூலில் அறிமுகப்படுத்திய குட்டி ரோபோ. முன்னே நகரும், இடப்பக்கம் திரும்பும், தரையில் ஒரு பொருளை வைக்கும், எடுக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. “வலப்பக்கம் திரும்ப என்ன செய்வது?” என்று கேட்டேன். ஒரே அமைதி. விடை என் நாக்கு நுனியில் துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு எண்ணும்போது, அதுவரை கேமராவைக்கூடத் திறக்காத கென்யா நர்ஸ் ஒருவரின் மைக் திறந்தது.

“மூன்று தடவை இடப்பக்கம் திரும்பினால்?”

முன்னாலாக இருந்தால் “சரியான விடை” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குத் தாவியிருப்பேன். பயிற்சியின் புண்ணியத்தில், “அட, அது எப்படி வலப்பக்கமாகும்? யாராவது விளக்குங்களேன்” என்று அவருடைய வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கேமரா முன்னால் இடப்பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று திரும்பிக் காட்டினார். பத்துப் பேரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பயிற்சி அதோடு முடியவில்லை என்பதுதான் இன்னும் அருமை. டோரா டெம்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் உருவாக்கிய ஒரு கணினிக் கருவி, வகுப்பில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள், மாணவர் சொன்னதை நாம் எங்கே கையில் எடுத்து மேலே கொண்டுபோனோம் என்றெல்லாம் கணக்கிட்டு நமக்கே தனியாக அனுப்பும். மதிப்பெண் போட அல்ல, நாமே பார்த்துத் திருத்திக்கொள்ள. அந்த ஆண்டு 1,136 செக்‌ஷன் லீடர்களை வைத்து அவர்கள் நடத்திய ஆய்வில், இந்தக் குறிப்புகளைப் பெற்றவர்கள் மாணவரின் பேச்சைக் கையில் எடுப்பது 13 சதவீதம் கூடியிருந்தது.

எனக்கு வந்த குறிப்பைத் திறந்தேன். அந்த நர்ஸின் வரி, அதன் கீழேயே என் கேள்வி! எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. கடைசி வாரக் குறிப்பில், மாணவர்கள் பேசிய நேரம் என் நேரத்தைத் தாண்டியிருந்தது. அந்த ராத்திரியே வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.