விட்டவர் யார்? விடச் சொன்னவர் யார்?

“ஆசையை விடு, அகம் நிறையும்” என்கின்றனர். யாருக்குச் சொல்கின்றனர்? வயிறு நிறையாதவனுக்கு! சொல்பவர் எதை விட்டார்? பல்லக்கை விட்டாரா? பட்டத்தை விட்டாரா? பிறப்பால் வந்த பெருமையைத்தான் விட்டாரா? இந்தக் கேள்வியோடு படிக்க வேண்டிய உரை ஒன்று உண்டு. அதுதான் வள்ளலாரின் ‘பேருபதேசம்’.

நெல்லிக்குப்பத்திலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் தைப்பூசத்தன்று வடலூர் செல்வோர், ஏழு திரை விலகக் கண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புகின்றனர். அவரோ 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி உயர்த்தி ஆற்றிய இவ்வுரையில், வேதம், ஆகமம், புராணம் இவற்றில் இலட்சியம் வைக்க வேண்டாம் என்றார். சைவத்தில் தாமே அளவிலாப் பற்று வைத்திருந்ததை ஒளிக்காமல் உரைத்தார். அதை விட்டதே தம்மை உயர்த்தியது என்றார்.

‘இலட்சியம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, “குறிக்கோளே வேண்டாம் என்றார் வள்ளலார்” என்று விளக்கம் தருவது பிழை. அவர் விடச் சொன்னது சமயப் பிடிப்பை. வாழ்வின் நோக்கத்தை அன்று! மண், பொன், பெண் என மற்றவர் பட்டியலிட்டனர். இவரோ மண்டைக்குள் குடியிருந்த மதத்தை விட்டார். அதுவும் சைவப் பாடல்களால் புகழ் பெற்ற பின்பு! அருட்பாவா மருட்பாவா என்று ஆறுமுக நாவலர் அணியோடு நடந்த போரைக் கண்ட பின்பு!

விட்ட கை வெறுங்கையானதா? இல்லை. ஊரார் தந்த 80 காணி நிலத்தில், 1867 மே 23 அன்று தருமசாலை அடுப்பை மூட்டிய கை அது. அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. அவாவறுத்தலுக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவரும் ஆள்வினையுடைமையை மறந்தாரில்லை.

உரையில் குறை இல்லையா? உண்டு. சாகா வரம் பற்றியும் ஆண்டவன் வருகை பற்றியும் அவர் கூறியவற்றைப் பகுத்தறிவு ஏற்காது. 1874 சனவரியில் அவர் அறைக்குள் சென்று மறைந்ததையே அதிசயமாக்கிய அடியார் கூட்டம், சாத்திரத்தை விடச் சொன்ன பகுதியை மூடி வைத்தது. பூசைக்கு உதவுவதை எடுத்துக்கொண்டு, புரட்சிக்கு உதவுவதை ஒதுக்கிவிட்டது!

வடலூரை அடுத்த நெய்வேலியைப் பாருங்கள். 1956-இல் நிறுவனம் தோன்றியது. பழுப்பு நிலக்கரிக்காகச் சிற்றூர்கள் வீட்டையும் வயலையும் விட்டன. நாட்டுக்கு ஒளி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2023 சூலையில் வளையமாதேவியில், நின்ற பயிர்மீது இயந்திரம் ஏறியபோது கதறிய உழவனிடம், “பற்றை விடு, அமைதி வரும்” என்று சொல்வது அறிவுரையா, அநீதியா? வடலூரில் 80 காணி கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். விடுதல் வேறு, பறிபோதல் வேறு! விட்டவனுக்கு நிறைவு, பறிகொடுத்தவனுக்கு வெறுமை.

தோழர்களே! விடவேண்டியவை சாதிச் செருக்கும் சாத்திர மயக்கமும் பட்டப் பெருமையும். விடக்கூடாதவை உரிமையும் உழைப்பும். ‘பேருபதேச’த்தை வாங்கிப் படியுங்கள். வணங்குவதற்கு அன்று, வாதிடுவதற்கு!