கடை வாசலில் தெரியாத குறைகள்: 3-9×40 ரைபிள் ஸ்கோப், ஒரு சோதனை

ஒன்டாரியோவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பலர் ஸ்கோப் வாங்கும்போது செய்கிற ஒரே சோதனை, அதைக் கையில் தூக்கித் தெருவின் எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகையைப் பார்ப்பதுதான். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். நடுப்பகலில் எந்த ஸ்கோப்பிலும் எழுத்து பளிச்சென்றுதான் தெரியும்.

வெள்ளைவால் மான் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். சூரியன் மறைந்து அரை மணி வரை சுடச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த அரை மணியில்தான் கண்ணாடியின் தரம் தெரியும். ஆகவே லியூபோல்ட் வி.எக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40 (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன் லென்ஸ்) ஒன்றையும், அதே அளவில் மிக மலிவாகக் கிடைக்கும் இன்னொன்றையும் (பெயர் வேண்டாம்) காட்டோரத்தில் அடுத்தடுத்துப் பொருத்தி, இருட்டும்வரை பார்த்தேன்.

முதலில் இரண்டிலும் வித்தியாசமே இல்லை. வெளிச்சம் இறங்க இறங்க, மலிவானதில் பால் கலந்தாற்போல ஒரு வெண்மூட்டம் படர்ந்தது. மேற்கு வானம் குழாயின் வாய்க்கருகே வந்தபோது புதரும் நிழலும் ஒன்றாகிவிட்டன. லியூபோல்டில் கிளைகள் தனித்தனியாகத் தெரிந்தன. காரணம் லென்ஸின் மேல்பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் அப்படிப் பல பரப்புகள் வரிசையாக இருக்கின்றன. திரும்பிய ஒளி உள்ளேயே அலைந்து மூட்டமாகிறது. 1935-இல் ட்ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த பூச்சு முறை இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே வந்தது.

அந்தியில் 9 மடங்கில் வைத்துக்கொண்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்வதில் பயனில்லை. 40 மில்லிமீட்டர் லென்ஸை 9-ஆல் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4.4 மில்லிமீட்டர்தான். 6 மடங்குக்கு இறக்கினால் 6.7 ஆகிவிடும். உருப்பெருக்க வளையத்தைச் சற்றுத் திருப்பியதும் இருட்டுக்குள்ளிருந்து மரத்தண்டுகள் மறுபடி எழுந்து வருவதை நீங்களே பார்க்கலாம்.

இனி முக்கியமான விஷயம். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், குறுக்குக்கம்பி தன் இடத்தில் நிற்காத ஸ்கோப் ஆபத்தானது. வெளிக்குழாய்க்குள் அந்தக் கம்பியைத் தாங்கும் ஒரு சிறு குழாய் இருக்கிறது. ஒரு பக்கம் திருகாணி அதைத் தள்ளும், மறுபக்கம் ஸ்பிரிங் தாங்கும். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கியின் உதை அந்த ஸ்பிரிங்கையும் உலுக்குகிறது.

இதைச் சுட்டுப் பார்த்து மட்டும் சோதிக்க முடியாது. திருகாணியின் ஒரு கிளிக் என்பது 100 கெஜத்தில் கால் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். சாதாரண வேட்டைத் துப்பாக்கியின் குண்டுகளோ அதைவிட அகலமாகவே சிதறும். ஆகவே ஸ்கோப்பை மட்டும் அசையாத கிடுக்கியில் இறுக்கி, 100 கெஜத்தில் நெடுங்கோடு போட்ட அட்டையை நிறுத்தித் திருகாணியைத் திருப்பினேன். 80 கிளிக் ஏற்றினால் குறுக்குக்கம்பி ஏறக்குறைய 21 அங்குலம் நகர வேண்டும். லியூபோல்டின் கம்பி அந்த அளவில் வந்து நின்றது. திருப்பி இறக்கியபோது பழைய புள்ளிக்கே வந்தது. மலிவானதில் விரலுக்குக் கிளிக் தெரிந்தது, ஆனால் கம்பி அசையவில்லை. இன்னும் இரண்டு கிளிக் போனதும் திடீரென்று தாவியது. இறக்கியபோது பழைய இடத்துக்கு வரவும் இல்லை. கடை வாசலில் இந்தக் குறையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மானின் நெஞ்சுப் பகுதியில் உயிர்நிலை ஏறக்குறைய 8 அங்குல அகலம். குறி 4 அங்குலத்துக்கு மேல் விலகினால் குண்டு வயிற்றிலோ காலிலோ பட்டு, அந்த விலங்கு இரவெல்லாம் துடித்துச் சாகக்கூடும். இதனால்தான் ஸ்கோப்பில் பணம் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன், அதைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையங்களையும் பாருங்கள். தளர்ந்தால் குறி ஓடும். வெறிகொண்டு முறுக்கினால் குழாய் நசுங்கி உள்குழாய் சிக்கும். அளவு காட்டும் முறுக்குச்சாவி ஒன்று அவசியம். குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் வெளிக்கண்ணாடியில் பனி படிவது இயல்பு, துடைத்தால் போய்விடும். உட்பக்கம் மூட்டம் போட்டால் ஸ்கோப்பின் காற்றுப்புகா அடைப்பு கெட்டுவிட்டது என்று பொருள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லியூபோல்டிலும் எல்லாம் நிறைவில்லை. தூரத்துக்கேற்ப இடமாறு பிழையைச் சரிசெய்யும் குமிழ் இதில் கிடையாது. கண்ணை நடுவில் வைத்தே பழக வேண்டும். நெடுந்தூர இலக்குப் பயிற்சிக்கு இது போதாது. காட்டுக்குள் 200 கெஜம்வரை மான் வேட்டைக்கு இதை நம்பி வாங்கலாம். ஆயுள்கால உத்தரவாதமும் உண்டு. எதை வாங்கினாலும், சீசன் தொடங்கும் முன் சுடுதளத்துக்குப் போய் அட்டையில் சுட்டுக் குறியை உறுதிசெய்த பிறகே காட்டுக்குள் கால் வையுங்கள்.